கட்டிலுக்குப் பின்னால் இருந்த துளை

போரை மன்னித்தவர்கள் எங்கள் மலையில் உண்டு. எதிர்ப்பக்கம் நின்று சுட்டவனோடு இன்று ஒரே மேசையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். குறுக்குக்காற்றை மன்னித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஒரு ஜன்னலும் ஒரு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் போதும், கழுத்து பிடித்துக்கொள்ளும், வாய் கோணிக்கொள்ளும், பிள்ளை பெற்றவளுக்குப் பால் வற்றும், பச்சைப்பிள்ளை செத்தே போகும். கோடையில் வேகிற பேருந்தில்கூட ஒரு பக்கத்து ஜன்னலைத்தான் திறப்போம். மறுபக்கம் யாராவது கை வைத்தால் பின்னாலிருந்து கத்துவார்கள். நானும் கத்தியிருக்கிறேன்.

முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டுவிட்டு, இவர்களுக்கு மூளையே இல்லையா என்பீர்கள். மூளை இருந்தது. அது முழுக்கக் காற்றுப் பயம் இருந்தது.

மெர்யெமா எங்களுக்கு வெகுகாலம் கழித்துக் கிடைத்தவள். அவளும் அவசரப்பட்டு வந்துவிட்டாள். என் வயிற்றைக் கிழித்து வெளியே எடுத்தபோது ஒரு கையகலம்தான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தேற்றி, பனி விழத் தொடங்கும் நேரத்தில் எங்கள் கையில் கொடுத்தார்கள்.

"சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஒரே சீரா இருக்கணும். பால் குடிக்காம சோர்ந்துபோனா உடனே தூக்கிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. எங்கள் வீட்டிலிருந்து உடனே தூக்கிக்கொண்டு வருவதற்கு எத்தனை வளைவு, எத்தனை சரிவு என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

என் கணவன் ரிஃபெட் மர லாரி ஓட்டுகிறவன். நடுக்காட்டில் லாரி படுத்துக்கொண்டால் கம்பியும் கந்தலும் வைத்துக் கட்டியே வீடு வரை ஓட்டிவந்துவிடுவான். அதனால் உலகத்து இயந்திரங்கள் எல்லாம் தன் பேச்சைக் கேட்கும் என்று ஒரு நினைப்பு. மகளுக்காக அவன் பெல்லட் கணப்பு ஒன்று வாங்கி மாடி அறையில் வைத்தான். கீழே சமையலறையில் நல்ல விறகடுப்பு இருந்தது. ஆனால் அந்தக் கதவு முற்றத்துக்குத் திறக்கிறது, ஆள் வருவதும் போவதுமாக இருக்கும். அங்கே பிள்ளையை வைப்பதும் மலை உச்சியில் வைப்பதும் ஒன்று என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாடி அறைக்கோ புது பிளாஸ்டிக் ஜன்னல். சாத்தினால் வெளியே நாய் குரைப்பதுகூடக் கேட்காது.

கணப்பு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெல்லட் என்கிற, மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகளைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்தில் கொட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு விசிறி புகையை வெளியே இழுத்துத் தள்ளும், அந்த இழுப்பில் கிண்ணத்தின் அடித்துளைகள் வழியாகப் புதுக்காற்று ஏறித் தீ நிமிரும். மாட்ட வந்த ஆள் என் கட்டிலுக்குப் பின்னால், தரையோரம் சுவரைக் குடைந்து ஒரு துளை போட்டான்.

"இதை மட்டும் மூடிடாதீங்க. கணப்புக்கு மூச்சு இதுலதான்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போனான்.

அன்று மாலையே ஹசேமா அந்தத் துளையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

ஹசேமா என் நாத்தனார், ரிஃபெட்டுக்கு மூத்தவள். எங்களோடுதான் இருக்கிறாள். அவளுக்கும் ஒரு மகன் இருந்தான், மிர்னெஸ் என்று பெயர். போர் முடிந்த முதல் குளிர்காலத்தில், நகரத்தில் ஒரு வாடகை அறையில், நாற்பது நாள் முடிவதற்குள் போய்விட்டான். ஜன்னலைத் திறந்து வைத்தாள், காற்று பட்டுப் பிள்ளை போய்விட்டது என்று அவள் மாமியார் வீட்டில் சொன்னார்கள். ஊரும் சொன்னது. புருஷன் ஒன்றும் சொல்லாமல் ஜெர்மனிக்குப் போய்விட்டான். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அவள் ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் ஜன்னல் கொக்கியைத்தான் பார்ப்பாள்.

அவள் கட்டிலுக்குப் பின்னால் கை விட்டுப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"பிள்ளை தலைமாட்டுல காத்துக்கு வழி போட்டு வச்சிருக்கான்! எந்த மடையன்டா போட்டான்?"

"கணப்புக்கு வேணுமாம் அக்கா" என்றான் ரிஃபெட்.

"கணப்பு செத்தா வேற வாங்கலாம். பிள்ளை செத்தா எங்க போய் வாங்குவ?"

அவள் தன் பழைய கம்பளிச் சட்டையைச் சுருட்டித் துளையில் திணித்தாள். அதன்மேல் சுவரில் தொங்கிய விரிப்பை இழுத்துவிட்டாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பிள்ளை வீடு வந்த நாளிலிருந்து கணக்குவைத்து நாற்பது நாள் படுக்கையில் கிடக்கிறவள் நான். முதுகில் காற்று படுகிறதே என்று நானே உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் கணப்பு சோம்ப ஆரம்பித்தது. நிமிர்ந்து நின்ற வெள்ளைத் தீ மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளாகி, எழுந்திருக்க மனமில்லாத ஆள் மாதிரி அசைந்தது. கண்ணாடி கறுத்தது. கிண்ணத்தில் குச்சிகள் வேகாமல் குவிந்தன. பக்கத்து வீட்டு அவ்தோ சித்தப்பா பிள்ளையைப் பார்க்கச் சர்க்கரையும் காபித்தூளும் எடுத்துக்கொண்டு வந்தார், கணப்பைச் சுற்றிவந்து தீர்ப்பும் சொன்னார்.

"பெல்லட் ஈரம்டா. உன் தலையில நல்லா கட்டிட்டானுங்க."

"ஈரமெல்லாம் இல்ல சித்தப்பா. காத்து கிண்ணத்துக்குள்ள போகாம பக்கவாட்டுல ஓடுது. பாருங்க, கிண்ணத்துக்கும் அது உக்காந்திருக்கிற சட்டத்துக்கும் நடுவுல எவ்வளவு இடுக்கு! கணப்புக் கதவு விளிம்புல ஒட்டின கயிறும் சப்பையா போச்சு. காத்தைப் பிடிச்சுக் கிண்ணத்து வழியா அனுப்பினா தீ எந்திரிக்கும்."

"நீ லாரி ஓட்டுறவன்டா. இது கணப்பு."

"ரெண்டுக்கும் மூச்சு ஒண்ணுதான் சித்தப்பா."

அவன் சொன்னது சரிதான் என்பதுதான் கொடுமை. மூச்சு என்ற வார்த்தையை வாயால் சொன்னவன், அது எங்கிருந்து வரவேண்டும் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்திரியாவில் வேலை செய்கிற என் தம்பியிடம் சொல்லி ஒரு பெட்டி வரவழைத்தான். தீயில் கருகாத வெள்ளைப் பீங்கான் பஞ்சு, கதவு விளிம்புக்கு ஒட்டுகிற தடித்த கண்ணாடி நார்க் கயிறு, சூடு தாங்கும் பலகை ஒன்று, இடுக்கில் பூச டப்பாவில் தீச்சாந்து. பெட்டியைத் திறந்தபோது அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மகளுக்கு நகை வாங்கி வந்தவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

கதவின் பழைய கயிற்றைச் சுரண்டி எடுத்துப் புதுக் கயிறு ஒட்டினான். பஞ்சைக் கீற்றுக் கீற்றாக வெட்டித் தீக்கிண்ணத்தைச் சுற்றி இடுக்கில் வைத்து அழுத்தினான். பலகையை அறுத்து உள்ளே பின்சுவரில் பொருத்தி, தீயின் இடத்தைச் சுருக்கினான். விரலால் தீச்சாந்து தடவினான். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, என்னையும் பிள்ளையையும் போர்வைக்குள் தள்ளிவிட்டு, பஞ்சுத் தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துத் தெளித்து வேலை செய்தான். ஹசேமா வாளியும் துடைப்பமுமாகப் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். பற்றவைத்ததும் தீ வெள்ளை வெளேரென்று நிமிர்ந்தது. ரிஃபெட் தன் விரல் நுனியை முத்தமிட்டான்.

"பாத்தியா ஜும்ரா? என்ன சொன்னேன்?"

எல்லோரும் வெளியே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். கதவடியில் கம்பளத்தைச் சுருட்டி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தீ மறுபடி படுத்துவிட்டது.

ஒவ்வொரு தடவையும் இதேதான் நடந்தது. அவன் வந்து பிரிப்பான், ஒட்டுவான், அடைப்பான். தீ எழும். அவன் போவான். தீ படுக்கும். தன் வேலையில் எங்கோ ஒரு நூலளவு ஓட்டை இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. அதனால் இன்னும் அடைத்தான். பஞ்சில் மிச்சம் நிறைய இருந்தது. ஹசேமாவின் சட்டை வழியாகக் காற்று கசிகிறது என்று அதை உருவிப் போட்டுவிட்டு, அந்த உயர்ந்த பீங்கான் பஞ்சை என் கட்டிலுக்குப் பின்னால் இருந்த துளையில் கெட்டியாகத் திணித்தான். மேலே தீச்சாந்து பூசி மெழுகினான். ஹசேமா முழங்காலிட்டுக் கை வைத்துப் பார்த்தாள்.

"இப்போ ஒரு ஊசிக் காத்துகூட இல்ல. உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டா தம்பி."

அதற்கப்புறம் கணப்பு கத்த ஆரம்பித்தது. இழுப்பு போதவில்லை என்றால் அலாரம் அடித்துத் தன்னை அணைத்துக்கொள்வது அதன் சுபாவம். அது அணைந்தால் அறையின் சூடு இறங்கும், மெர்யெமாவின் கை சில்லென்று ஆகும். அவளை என் மார்போடு ஒட்டி, மேலே போர்த்தி, அதற்கு மேலும் போர்த்திக்கொண்டு கிடப்பேன். ரிஃபெட் கணப்பின் முன்னால் மண்டியிட்டுப் பற்றவைப்பான். அலாரம் அடிக்கும். பற்றவைப்பான். அலாரம் அடிக்கும். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அவன் அழுததை அன்றுதான் பார்த்தேன். போரில் ஷெல் குண்டு விழுந்த காலத்தில்கூட அழாதவன்.

"எரிஞ்சு தொலையேன் சனியனே! என் பிள்ளைக்காக எரிஞ்சு தொலையேன்!"

பிறகு பின்பக்க மூடியைக் கழற்றி, அலாரத்துக்குப் போகிற இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டான். கணப்பு அதன் பிறகு தன்னை அணைத்துக்கொள்ளவும் இல்லை, கத்தவும் இல்லை. கத்துவதற்கு அதற்கு வாயே இல்லாமல் போய்விட்டது.

அன்றே எனக்குத் தலைவலி வந்தது. நெற்றியைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு இறுக்குகிற மாதிரி. வாந்தி வந்தது. மெர்யெமா பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டுத் தூங்கினாள். ஹசேமா விரலை நக்கி ஈரமாக்கிக்கொண்டு சுவரோரம் நடந்தாள்.

"எங்கேயோ இருந்து வருது. தலைவலின்னா காத்துதான். எனக்குத் தெரியாதா?"

ரிஃபெட் ஜன்னல் விளிம்பு முழுக்க வெள்ளிநிற ஒட்டுநாடா ஒட்டினான். யாரும் மறந்தாற்போலத் திறந்துவிடக் கூடாதென்று கைப்பிடிகளையே கழற்றிக் கொண்டுபோய்விட்டான். வெளியே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. கீழே பெரிய சாலைக்குப் போகிற வழி மூடிவிட்டது என்று அவ்தோ சித்தப்பா வந்து சொல்லிவிட்டுப் போனதாக ஹசேமா சொன்னாள்.

நான் படுத்தபடி தீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன வேலை எனக்கு? ஹசேமா சூப்புக் கிண்ணத்தோடு வந்தாள். கதவு திறந்தது. கறுத்த கண்ணாடிக்குப் பின்னால் தீ ஒரு துள்ளுத் துள்ளி நிமிர்ந்தது. அவள் காலால் கதவைச் சாத்திக் கம்பளத்தை நகர்த்தினாள். தீ படுத்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனபோதும் அப்படியே. திறந்தால் எழுகிறது, மூடினால் படுக்கிறது.

"அக்கா, கதவு திறந்தா தீ எந்திரிக்குது. பாத்தியா?"

"திறந்தா பிள்ளை படுத்துடும். அதைப் பாரு" என்றாள் அவள்.

ரிஃபெட் வந்ததும் அவனிடமும் சொன்னேன். "அந்தத் துளையைத் திறந்துதான் பாரேன். கொஞ்ச நேரம்."

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது, அவனுக்கும் தலைவலிதான். "பிரசவம் ஆனவளுக்குப் புத்தி குழம்பும்னு சொல்வாங்க. பேசாம படு. காத்து வராம நான் பாத்துக்கறேன்." கதவடியில் கசிவு இருக்கிறதென்று அவன் கம்பளச் சுருளின் மேலேயே உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டான். மகளுக்காகத் தன் உடம்பையே அடைப்பாக வைத்தான். எனக்கு அப்போது அவன்மேல் பொங்கி வந்த பிரியத்தைச் சொல்ல முடியாது. அந்தப் பிரியத்தோடு நான் கண்ணை மூடினேன்.

விழித்தபோதும் பகல்தான். ஜன்னலில் பனியின் வெளிச்சம். தலைக்குள் யாரோ சம்மட்டி அடித்தார்கள். மெர்யெமா என் கையில் துணிப்பொம்மை மாதிரி கிடந்தாள். மார்பை வாயில் வைத்தேன், உதடு மூடவில்லை. கன்னத்தைத் தட்டினேன். உள்ளங்காலைச் சுண்டினேன். மூக்கின் அருகே என் கன்னத்தை வைத்தேன். மூச்சு இருந்தது. இருந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

"ரிஃபெட்! பிள்ளையைப் பாரு!"

அவன் கதவில் சாய்ந்தபடி, தலை தோளில் விழுந்து, வாய் திறந்து கிடந்தான். கூப்பிட்டேன். கத்தினேன். தலையணையை எறிந்தேன், அவன் மார்பில் பட்டு மடியில் விழுந்தது. களைத்துத் தூங்குகிறவன் அப்படித் தூங்க மாட்டான்.

எழுந்தேன். கால் வேறு யாருடைய கால் மாதிரியோ இருந்தது. தையல் சுருக்கென்று இழுத்தது. அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். மரம் தூக்கித் தூக்கி மரமாகவே ஆன ஆள், அசைவேனா என்கிறான். அவனை நகர்த்தாமல் கதவு திறக்காது. ஜன்னலுக்குப் போனேன். கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. நகத்தால் ஒட்டுநாடாவைச் சுரண்டினேன். முஷ்டியால் கண்ணாடியைக் குத்தினேன். இரட்டைக் கண்ணாடி, சும்மா அதிர்ந்தது. கீழே முற்றத்தில் ஹசேமா விறகு பிளப்பது தெரிந்தது. கத்தினேன். அந்த நல்ல ஜன்னலைத் தாண்டி என் சத்தம் எங்கே போகும்?

கணப்பின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிவப்பு மட்டும் புகைந்துகொண்டிருந்தது. அதுவும் மூச்சுக்குத்தான் தவித்தது. நாங்கள் நாலு பேரும், அதையும் சேர்த்து, ஒரே பெட்டிக்குள் கிடந்தோம்.

கட்டிலுக்குப் பின்னால் விழுந்தேன். விழுந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். விரிப்பைப் பிய்த்து எறிந்தேன். தீச்சாந்து கல்லாக இறுகியிருந்தது. கட்டிலடியில் விழுந்துகிடந்த சூப்புக் கரண்டி கையில் கிடைத்தது. அதன் காம்பால் குத்தினேன். என் புருஷன் அரைகுறையாக வேலை செய்கிறவனாக இருக்கக் கூடாதா என்று அழுதுகொண்டே குத்தினேன். ஒரு மூலை உடைந்தது. விரலை விட்டேன். பஞ்சு, பஞ்சு, இன்னும் பஞ்சு. பிய்த்துப் பிய்த்துப் போட்டேன். அதன் நார் விரலில் முள்ளாகக் குத்தியது. கடைசிக் கொத்து வந்ததும் கத்தி மாதிரி ஒரு குளிர் என் முகத்தில் அறைந்தது.

அந்தக் காற்றைக் கண்டு ஒரு கணம் பின்வாங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். பனியின் வாசனையோடு, தூளோடு, சீறிக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்து எந்தக் காற்றுக்குப் பயந்தேனோ அதே காற்று. என் அம்மா, அவள் அம்மா, இந்த மலையில் பிள்ளை பெற்ற அத்தனை பேரும் எனக்குப் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கத்துகிற மாதிரி இருந்தது. மெர்யெமாவின் கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது.

குல்லாயைக் கழற்றினேன். அவள் முகத்தைக் கொண்டுபோய் அந்தத் துளையில் வைத்தேன். நானும் தரையில் கன்னம் பதித்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

"குடி கண்ணு. குடிச்சிக்கோடி."

கதவுப் பக்கம் தடதடவென்று சத்தம். "ஏன் கதவு திறக்கல? ரிஃபெட்! ஜும்ரா!" ஹசேமா தோளால் முட்டினாள். விறகு பிளக்கிற தோள் அது. ரிஃபெட் பக்கவாட்டில் சரிந்து தரையில் விழுந்தான். கதவு திறந்தது. கணப்புக்குள் தீ துள்ளி எழுந்தது.

அவள் தம்பியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். திறந்த துளை, குல்லாய் இல்லாத பிள்ளை, பின்னால் திறந்த கதவு. அவள் அலறியதை இன்றும் என்னால் நினைக்க முடியாது. கட்டிலைத் தாண்டிப் பாய்ந்து வந்து பிள்ளையைப் பிடுங்கப் பார்த்தாள்.

"கொன்னுட்டியேடி! காத்துல வச்சுக் கொன்னுட்டியே!"

"விடு அக்கா!"

"மூடுடி அதை! மூடு!" ஒரு கையால் பிள்ளையின் போர்வையை இழுத்துக்கொண்டே மறு கையால் பஞ்சை அள்ளித் துளைக்குப் போனாள். நான் அவள் மணிக்கட்டைக் கடித்தேன். இரத்தம் வரும்வரை கடித்தேன். எனக்கு மூத்தவளை, என் குழந்தைக்காக ராத்திரி பகல் கம்பளி பின்னியவளை, நாய் மாதிரி கடித்தேன்.

"உன் தம்பியைப் பாரு! நாங்க யாரும் காத்துல சாகல. காத்து இல்லாம சாகறோம். அவனை வெளிய இழு!"

அவள் திரும்பினாள். தரையில் கிடந்தவனைப் பார்த்தாள். கணப்பைப் பார்த்தாள். அவள் மூக்கு விரிந்தது, எதையோ மோந்து பார்க்கிற மாதிரி. கையிலிருந்த பஞ்சு நழுவியது. பிறகு ரிஃபெட்டின் கக்கத்தில் கைகொடுத்து, படிக்கட்டு வழியாக, முற்றத்துப் பனி வரை இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து பிள்ளையையும் என்னையும் சேர்த்துத் தூக்கினாள். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ.

வாசலில், பனி அடிக்கிற அடியில், மெர்யெமா அழுதாள். முதலில் பூனைக்குட்டி மாதிரி. பிறகு ஊரே கேட்கிற மாதிரி. பனியைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கீழே இறக்க அவ்தோ சித்தப்பா டிராக்டரோடு வந்தார். ரிஃபெட் பனியில் புரண்டு வாந்தி எடுத்தான், கண்ணைத் திறந்தான், முதலில் சொன்னது இதுதான்.

"கதவை யாருடா திறந்தது? குறுக்குக்காத்து அடிக்குதே..."

சிரிக்க வேண்டியதுதான். நான் அவன் முகத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன், பிறகு அவனைக் கட்டிக்கொண்டேன்.

சரியாக எரியாத தீ விட்ட விஷக்காற்று இரத்தத்தில் ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் மூவருக்கும் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். டாக்டரம்மா மெர்யெமாவின் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். பிழைத்தாள் என்றார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ரிஃபெட் தான் அடைத்தது எல்லாவற்றையும் பிடுங்கினான். அலாரத்தின் கம்பிகளைப் பிரித்துப் பழையபடி மாட்டினான். கதவுக்கு ஒட்டிய கயிற்றை மட்டும் விட்டுவைத்தான், அது நல்ல வேலைதான். துளைக்கு எலி புகாமல் வலை வைத்தான். ஜன்னல் கைப்பிடிகளைப் பொருத்தினான். கணப்பு வெள்ளைத் தீயோடு எரிந்தது. அதன் முன்னால் அவன் உட்காரவே மாட்டான், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான்.

ஹசேமாவின் மணிக்கட்டில் என் பல்லின் தடம். கேட்கிறவர்களிடம் விறகு குத்திவிட்டது என்றாள்.

ஒருநாள் காலை, பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரக் கீழே போனேன். மேலே அலாரம் அடித்தது. கையில் இருந்த குடத்தை அப்படியே போட்டுவிட்டுப் படியேறினேன். பிள்ளை தொட்டிலில் கையை ஆட்டிக்கொண்டு கிடந்தாள். கட்டிலுக்குப் பின்னால் ஹசேமா முழங்காலிட்டிருந்தாள். துளையில் மெர்யெமாவுக்காக அவள் பின்னிய சின்னக் காலுறைகள் இரண்டையும் சுருட்டித் திணித்திருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் கண் இருண்டது. "உனக்கு என்னதான் அக்கா வேணும்? இன்னொரு தடவை எல்லாரும் சாகணுமா?"

"குளிப்பாட்டுற வரைக்கும்தான்டி. ஈர உடம்பாச்சே. குளிப்பாட்டி முடிச்சதும் எடுத்துடலாம்னுதான்..." அவள் காலுறைகளை உருவினாள். மடியில் வைத்து நீவினாள். எழுந்திருக்கவில்லை.

"ஜும்ரா. அன்னைக்கு உன் அறையில ஒரு வாசனை அடிச்சுச்சே."

"ம்."

"நகரத்துல அந்த அறையில நிலக்கரி அடுப்பு. புகைக்குழாய் அடைச்சிருந்துச்சு. அதே வாசனைதான். என் தலை வலிச்சுது. மிர்னெஸ் பால் குடிக்கல. எனக்குப் பொறுக்க முடியல, அதனாலதான் நான் ஜன்னலைத் திறந்தேன்." காலுறைகளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தாள். "திறந்தப்புறம்தான் அவன் போனான். அதனாலதான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன். இத்தனை வருஷமா தினம் சொல்றேன்."

கணப்பு அலாரத்தை நிறுத்திவிட்டுத் தானே பற்றிக்கொள்ள முயன்றுகொண்டிருந்தது. உள்ளே குச்சிகள் கிண்ணத்தில் உதிரும் சத்தம் கேட்டது.

"அப்போ நான் திறந்தது..." என்றாள்.

"நீ திறந்தது சரிதான் அக்கா" என்றேன்.

இன்னும் சீக்கிரம் திறந்திருந்தால் மிர்னெஸ் பிழைத்திருப்பான் என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. அதை நான் சொல்லவில்லை, சாகும்வரை சொல்ல மாட்டேன். அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கையை நீட்டி, உள்ளங்கையைத் துளையின் எதிரே வைத்தாள். வெளியே இருந்து பனிக்காற்று அவள் விரலிடுக்குகள் வழியாக அறைக்குள் வந்தது. அவள் கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் குடத்தை எடுத்து வேறு தண்ணீர் சுடவைத்தேன்.